பட்டியலில் தவறிய அனுமதி: புறக்கோட்டை மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றின் ஏ.பி.ஐ. பற்றிய நிகழ்வு ஆய்வு

கொழும்பு புறக்கோட்டையில் வீட்டுப் பாவனைப் பொருட்களை மொத்த விலைக்கு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு, மாத இறுதியில் கணினியிலிருந்து இறக்கும் ஓடர் பட்டியலின் கூட்டுத்தொகை, பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் கூட்டுத்தொகையை விட மிகக் குறைவாக இருப்பதாக முறையிட்டது. அதே காலத்தில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகடையாகச் சென்று ஓடர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதிகள், தமது கையடக்கத் தொலைபேசியிலுள்ள செயலியில் பட்டியலைக் கீழே நகர்த்தும்போது ஒரே ஓடர் இருமுறை தோன்றுவதாகவும், சில வேளைகளில் ஓர் ஓடர் தோன்றாமலே போவதாகவும் சொல்லி வந்தனர். இவ்விரு முறைப்பாடுகளும் வெவ்வேறு நபர்களிடம் போய்ச் சேர்ந்திருந்ததால், அவற்றுக்குள் தொடர்பு இருக்கும் என்று எவரும் எண்ணவில்லை. அவற்றை ஆராயும் பணி எமது குழுவுக்கு வந்தபோது, யாரும் முறையிடாத மூன்றாவது குறையொன்று வெளிப்பட்டது. எந்த டோக்கனும் (புகுபதிகை செய்தவருக்கு வழங்கப்படும் அடையாளச் சரம்) இல்லாத ஒருவர், ஏ.பி.ஐ.யின், அதாவது செயலிகள் சேவையகத்திலிருந்து தரவைப் பெறும் இடைமுகத்தின், இணைய முகவரி மட்டும் தெரிந்தால், நிறுவனத்தின் ஓடர்கள் அனைத்தையும், கடை உரிமையாளர்களின் தேசிய அடையாள அட்டை இலக்கங்களோடு சேர்த்து வாசிக்கக்கூடியதாக இருந்தது.

இவ்வமைப்பு, பைதன் மொழியில் ஏ.பி.ஐ. எழுதப் பயன்படும் ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்டது, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். எழுதியவர்கள் ஒப்பந்தம் முடிந்து சென்றுவிட்டனர். அவர்கள் கவனமற்றவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமைப்புக் கோப்பில் அனுமதி, பக்கமிடல் (நீண்ட பட்டியலைப் பக்கங்களாக வெட்டித் தருவது), ரென்டரர் (விடையை வேண்டிய கோப்பு வடிவில் எழுதித் தரும் பகுதி) ஆகிய மூன்றுக்கும் பொது விதிகள் எழுதப்பட்டிருந்தன. ஒரு பிரதிநிதி இன்னொருவரின் ஓடரைத் திறக்க முடியாது என்பதை உறுதிப்படுத்தும் சோதனை நிரலும் இருந்தது. அந்தச் சோதனை எப்போதும் வெற்றி பெற்றது. ஆகவே இங்கு ஆராய வேண்டியது, ஒவ்வொன்றும் தனித்துப் பார்க்கையில் சரியாகத் தோன்றும் மூன்று அமைப்புகள், சேர்ந்து இயங்கும்போது ஏன் தவறின என்பதாகும். எமது முடிவு இது: ஒரு பயனர் எந்த வரிசைகளைக் காணலாம் என்ற கேள்விக்குக் குவரிசெட்டிலேயே, அதாவது தரவுத்தளத்திலிருந்து எந்த வரிசைகளை (பதிவுகளை) எடுப்பது என்று வரையறுக்கும் வினவலிலேயே, விடை சொல்லப்படவில்லை; அங்கு தடுக்கப்படாததைப் பக்கமிடலும் ரென்டரரும் தம் பங்குக்கு வெளியே எடுத்துச் சென்றன.

அனுமதி: கதவும் பட்டியலும்

இந்த ஃபிரேம்வொர்க்கில் அனுமதி இரண்டு நிலைகளில் பார்க்கப்படுகிறது. கோரிக்கை வந்தவுடன், தரவு எதுவும் எடுக்கப்படுவதற்கு முன்னர், ஒவ்வோர் அனுமதி வகுப்பினதும் 'ஹாஸ் பெர்மிஷன்' என்ற செயற்கூறு அழைக்கப்படும். பின்னர், குறித்த ஒரு பொருளை 'கெட் ஒப்ஜெக்ட்' மூலம் எடுக்கும்போது மட்டும் 'ஹாஸ் ஒப்ஜெக்ட் பெர்மிஷன்' அழைக்கப்படும். பட்டியல் கோரிக்கையில் இரண்டாவது நிலை நடைபெறுவதே இல்லை. ஆயிரம் வரிசைகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி பார்ப்பது பெரும் செலவு என்பதால் வேண்டுமென்றே இப்படி அமைக்கப்பட்டது. ஃபிரேம்வொர்க்கின் ஆவணங்களும் இதை வெளிப்படையாகச் சொல்கின்றன. புதிய பொருளை உருவாக்கும் கோரிக்கையிலும் இரண்டாவது நிலை இல்லை; சரிபார்ப்பதற்கு அந்தப் பொருள் இன்னும் தோன்றியிருக்காது.

நாம் கண்ட அமைப்பில், பொது விதியாக 'இஸ் ஒதென்டிகேட்டட்' வைக்கப்பட்டிருந்தது. இது நல்ல தொடக்கம். ஏனெனில் எதையும் எழுதாவிட்டால் ஃபிரேம்வொர்க்கின் இயல்பு விதி 'அலவ் எனி', அதாவது எவரையும் அனுமதிப்பது. ஆனால் ஓடர்களுக்குரிய வியூசெட்டில் (கோரிக்கைகளுக்கு விடையளிக்கும் நிரல் பகுதி வியூ; ஒரே வகைத் தரவுக்கான வியூக்களின் தொகுப்பு வியூசெட்), ஓடரை எடுத்த பிரதிநிதிக்கு மட்டும் உரிமை தரும் ஓர் அனுமதி வகுப்பைத் தாமே எழுதி, 'பெர்மிஷன் கிளாசஸ்' பட்டியலில் அதை மட்டும் வைத்திருந்தனர். வியூவில் எழுதப்படும் பட்டியல் பொதுப் பட்டியலோடு சேர்வதில்லை. அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, புகுபதிகை செய்தவராக இருக்க வேண்டும் என்ற பொது விதி அந்த வியூவில் அற்றுப்போயிற்று.

அவர்கள் எழுதிய வகுப்பில் 'ஹாஸ் ஒப்ஜெக்ட் பெர்மிஷன்' மட்டுமே இருந்தது. எழுதப்படாத 'ஹாஸ் பெர்மிஷன்' தாய் வகுப்பிலிருந்து வருகிறது. அது எப்போதும் 'ஆம்' என்றே விடையளிக்கும். தனி ஓடரைக் கேட்கும்போது இரண்டாவது நிலை தடுத்தது. சோதனை நிரலும் அதைத்தான் சரிபார்த்தது. பட்டியலைக் கேட்கும்போது முதல் நிலை மட்டும் நடந்து, அது எவருக்கும் 'ஆம்' என்றது. டோக்கன் இல்லாதவர் புதிய ஓடர் பதிய முயன்றபோதும் அனுமதி தடுக்கவில்லை. பிரதிநிதியின் இடத்தில் அநாமதேயப் பயனரை வைக்க முடியாமல் சேவையகம் 500 பிழையுடன் (சேவையகத்தின் உட்பிழை) நின்றது. அந்தப் பிழைகள் பதிவேட்டில் இருந்தன. எவரும் அவற்றை அனுமதிக் குறைபாட்டின் அறிகுறியாக வாசித்திருக்கவில்லை. பதிவேட்டில் வரும் 500 பிழை ஒன்றைக் காணும்போது, இந்தக் கோரிக்கை இவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்க வேண்டுமா என்று முதலில் கேட்பது பயனுடைய பழக்கம் என்று நாம் கருதுகிறோம்.

திருத்தத்தின் முதற்படியாக, பொது விதியை வியூவின் பட்டியலிலும் மீண்டும் எழுதினோம். வகுப்புகளை 'மற்றும்', 'அல்லது', 'அன்று' என்ற குறிகளால் இணைக்கும் வசதி இருந்தபோதிலும், பட்டியலில் அடுத்தடுத்து எழுதப்படும் வகுப்புகள் அனைத்தும் நிறைவேற வேண்டும் என்பதே விதியாதலால், இங்கு குறி எதுவும் தேவைப்படவில்லை. 'அல்லது' குறியைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கு சேர்க்க வேண்டியுள்ளது. பழைய பதிப்புகளில், 'நிர்வாகி அல்லது உரியவர்' என்று இணைத்தால், நிர்வாகி வகுப்பில் இரண்டாவது நிலை எழுதப்படாததால் அது தாய் வகுப்பின் 'ஆம்' என்ற விடையைத் தந்து, எல்லோரையும் எல்லாப் பொருள்களுக்கும் அனுமதித்துவிடும். இன்றைய பதிப்பில் ஒவ்வொரு பக்கத்தினதும் முதல் நிலையும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. பழைய பதிப்பை வைத்திருக்கும் அமைப்புகள் கொழும்பில் இன்னும் பல இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

முக்கியமான படி அதற்கு அடுத்தது. 'கெட் குவரிசெட்' செயற்கூறில், பிரதிநிதி என்றால் அவர் எடுத்த ஓடர்கள், பிரதேச மேற்பார்வையாளர் என்றால் அவரது பிரதேசத்துக்குரிய ஓடர்கள், கணக்குப் பிரிவு என்றால் அனைத்தும் என்று வரையறுத்து, எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாதவருக்கு வெறுமையான தொகுதியைத் திருப்பித் தந்தோம். இதன் விளைவாக, மற்றவரின் ஓடரைக் கேட்பவருக்கு முன்னர் கிடைத்த 403 (அனுமதி இல்லை) விடைக்குப் பதிலாக 404 (அப்படியொன்று இல்லை) கிடைக்கிறது. இதுவே சரியென்பது எமது நிலைப்பாடு. ஓர் இலக்கத்தில் ஓடர் உண்டா இல்லையா என்பதும் வெளியாருக்குத் தெரிய வேண்டிய செய்தியல்ல. ஆனால் செயலி 403 விடையை வைத்து ஓர் அறிவிப்பைக் காட்டி வந்ததால், அந்தப் பகுதியையும் அதே வெளியீட்டில் மாற்ற வேண்டியிருந்தது.

உருவாக்கும் கோரிக்கைக்கு வேறு வழி தேவைப்பட்டது. கொட்டாஞ்சேனைப் பிரதிநிதி வெள்ளவத்தைக் கடையொன்றின் அடையாள எண்ணை இட்டு ஓடர் பதிந்தால், அனுமதி வகுப்பு எதுவும் அதைக் காணாது. சீரியலைசரிலுள்ள (வரும் தரவைச் சரிபார்த்து, போகும் தரவின் புலங்களைத் தீர்மானிக்கும் பகுதி) கடைப் புலத்தின் குவரிசெட்டைக் கோரிக்கையின் பயனருக்கு ஏற்ப வரையறுத்தபோது, அத்தகைய பதிவு 400 (தவறான கோரிக்கை) விடையுடன் திரும்பியது. அடையாள அட்டை இலக்கத்தைக் கணக்குப் பிரிவுக்குரிய சீரியலைசருக்கு மட்டும் நகர்த்தினோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறுவனம் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தது; பிரதிநிதிக்குத் தேவையே இல்லாத ஓர் இலக்கம் அவரது தொலைபேசிக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வியை எழுப்பியவர் நிரலாளர் அல்லர், கணக்குப் பிரிவின் மூத்த அலுவலர். அவருடைய கேள்வியே புலங்களைப் பாத்திர வாரியாகப் பிரிக்கும் வேலையை ஒத்திப்போடாமல் செய்ய வைத்தது.

பக்கமிடல்

பட்டியல் வியூவில் வேலை நடக்கும் ஒழுங்கு இதுதான்: குவரிசெட் எடுக்கப்படும், வடிகட்டப்படும், பக்கமாக வெட்டப்படும், சீரியலைசருக்குள் செல்லும், கடைசியில் ரென்டரரிடம் ஒப்படைக்கப்படும். அனுமதியின் பொருட்டான வரையறை இந்த ஒழுங்கின் தொடக்கத்திலேயே நிகழ வேண்டும். ஒரு கட்டத்தில் முன்னைய நிரலாளர்களுள் ஒருவர் சீரியலைசரில் பிறருடைய வரிசைகளை நீக்கிப் பார்த்திருந்ததற்கான தடயம் நிரலின் வரலாற்றில் கிடைத்தது. அப்போது 50 வரிசைகள் வர வேண்டிய பக்கத்தில் சிலவே வந்திருக்கும். 'கவுண்ட்' புலமோ நிறுவனத்தின் மொத்த ஓடர் எண்ணிக்கையைத் தொடர்ந்து எல்லோருக்கும் அறிவித்திருக்கும். அந்த முயற்சி கைவிடப்பட்டதற்குக் காரணம் குறிக்கப்படவில்லை.

ஒரே ஓடர் இருமுறை தோன்றியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. பட்டியல் ஓடர் திகதியால் மட்டும் வரிசைப்படுத்தப்பட்டிருந்தது. ஒரே திகதியில் பல ஓடர்கள் இருக்கும்போது அவற்றுக்கிடையிலான ஒழுங்கைப் போஸ்ட்கிரெஸ் உறுதிப்படுத்துவதில்லை. முதற் பக்கத்துக்கான வினவலில் ஓர் ஒழுங்கும் இரண்டாம் பக்கத்துக்கான வினவலில் இன்னோர் ஒழுங்கும் வரலாம். திகதியோடு முதன்மைச் சாவியையும் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனித்துவ அடையாளம்) சேர்த்து வரிசைப்படுத்தினால் இது தீர்ந்துவிடும். இரண்டாவது காரணம் பக்க எண் முறையின் இயல்பிலேயே உள்ளது. பிரதிநிதி முதற் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது மேலே புதிய ஓடர் ஒன்று சேர்ந்தால், அப்பக்கத்தின் கடைசி வரிசை இரண்டாம் பக்கத்துக்கு இறங்கி மீண்டும் தோன்றும். மேலே ஒன்று நீக்கப்பட்டால் ஒரு வரிசை கண்ணில் படாமலே மேலேறிவிடும். எல்லோருடைய ஓடர்களும் ஒரே பட்டியலில் கலந்திருந்த காலத்தில் இது அடிக்கடி நிகழ்ந்தது. குவரிசெட்டை வரையறுத்த பின்னர் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் முற்றாக நிற்கவில்லை, ஏனெனில் பிரதிநிதி தாமே புதிய ஓடரைப் பதிந்துவிட்டுத் தொடர்ந்து கீழே நகர்த்துவார்.

ஆகவே செயலிக்குக் கேர்சர் பேஜினேஷன் தெரிவு செய்யப்பட்டது. இம்முறையில் 'இரண்டாம் பக்கம்' என்று ஒன்றில்லை. கடைசியாகக் கண்ட வரிசையின் நிலை ஒரு குறியீட்டுச் சரமாக அடுத்த இணைப்பில் செல்கிறது, சேவையகம் அந்நிலைக்குப் பிந்தியவற்றை மட்டும் எடுக்கிறது. மேலே எத்தனை ஓடர் சேர்ந்தாலும் கீழே ஒழுங்கு குலையாது. தூரத்துப் பக்கங்களுக்குச் செல்லும்போது முன்னுள்ள வரிசைகளையெல்லாம் தரவுத்தளம் வாசித்துக் கழிக்க வேண்டிய தேவையும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் மொத்தத்தை எண்ண வேண்டிய தேவையும் இல்லை. வரிசைப்படுத்தும் புலம் மட்டும் கவனமாகத் தெரிவு செய்யப்பட வேண்டும்: ஒருமுறை எழுதப்பட்டபின் மாறாததாகவும், வெறுமையற்றதாகவும், பெரும்பாலும் தனித்துவமானதாகவும், விரைந்து தேடுவதற்கான சுட்டி அமைக்கப்பட்டதாகவும் அது இருத்தல் வேண்டும். இயல்பாக இது 'கிரியேட்டட்' என்ற புலத்தை எதிர்பார்க்கும். அப்பெயரில் புலம் இல்லாவிட்டால் வேறு புலத்தை நாமே குறிப்பிட வேண்டும். பிரதிநிதி இணைய இணைப்பு இல்லாத இடத்தில் எழுதிவைத்த ஓடரைப் பின்னர் அனுப்புவதும் உண்டாதலால், அவர் இடும் ஓடர் நேரத்தை விட்டுவிட்டுச் சேவையகம் பதியும் நேரத்தையே எடுத்துக்கொண்டோம்.

அலுவலகத் திரைக்கு இது பொருந்தாது. கணக்குப் பிரிவினர் ஒரு குறித்த பக்கத்துக்கு நேரே செல்லவும், மொத்த எண்ணிக்கையைப் பார்க்கவும் விரும்புகின்றனர். கேர்சர் முறை இரண்டையும் தராது. அவர்களுக்குப் பக்க எண் முறையையே, நிலையான ஒழுங்குடன், வேறு வியூவில் வைத்தோம். ஒரே முறையை எல்லா இடத்துக்கும் விதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அடுத்த பக்கத்துக்கான இணைப்புகள் பாதுகாப்பற்ற முகவரியில் தொடங்கிய ஒரு சிறு குறையும் இருந்தது. சேவையகத்துக்கு முன்னிருந்து கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் பிரொக்சி அனுப்பும் தலைப்பை ஜாங்கோவின் அமைப்பில் குறிப்பிட்டவுடன் அது சரியாயிற்று.

இறக்கிய கோப்பில் குறைந்த தொகை

கணக்குப் பிரிவின் முறைப்பாட்டுக்குரிய காரணத்தைக் கண்டறிவதே கடினமாக இருந்தது. பொது ரென்டரர் பட்டியலில் ஜேசன் (செயலிகள் வாசிக்கும் உரை வடிவம்), உலாவியில் வாசிக்கத்தக்க எச்.ரி.எம்.எல். ஆகிய இரண்டோடும், தாமே எழுதிய சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை வடிவம்) ரென்டரர் ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. முகவரியின் இறுதியில் வடிவத்தைக் குறிப்பிட்டால் அதே பட்டியல் சி.எஸ்.வி. கோப்பாக இறங்கும். ஆனால் ரென்டரருக்கு வந்து சேர்வது ஏற்கெனவே பக்கமாக வெட்டப்பட்ட தரவு. அந்த ரென்டரர் 'ரிசல்ட்ஸ்' புலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மொத்த எண்ணிக்கையையும் அடுத்த பக்கத்தின் இணைப்பையும் விட்டுவிட்டது. கோப்பைத் திறப்பவருக்கு அது முழுமையற்றது என்பதற்கான எந்த அடையாளமும் இருக்கவில்லை.

இது தொடக்கத்தில் தெரியாமற் போனதற்குக் காரணம், பக்க அளவைக் கோரிக்கையிலேயே மாற்றும் வசதி திறந்திருந்ததும், கணக்குப் பிரிவுக்குக் கொடுக்கப்பட்ட இணைப்பில் மிகப் பெரிய பக்க அளவு எழுதப்பட்டிருந்ததும் ஆகும். பின்னர், சேவையகத்தின் சுமையைக் குறைக்கும் நல்ல நோக்கத்துடன், உச்சப் பக்க அளவாக 500 விதிக்கப்பட்டது. உச்சத்தை மீறிய கோரிக்கையை ஃபிரேம்வொர்க் பிழையாகக் கொள்வதில்லை. ஓசையின்றி உச்ச அளவுக்குக் குறைத்துக்கொள்கிறது. அன்றிலிருந்து கோப்பு 500 வரிசைகளுடன் நின்றது. உச்ச அளவு விதித்தது தவறல்ல. விதிக்காமல் விட்டால் எவரும் முழு அட்டவணையையும் ஒரே கோரிக்கையில் இழுக்கலாம். முழுமை வேண்டிய ஒரு கோப்பைப் பக்கமிடப்பட்ட பட்டியலிலிருந்து பெற முயன்றதே தவறு.

ஆகவே ஏற்றுமதியைத் தனி வியூவாகப் பிரித்தோம். பக்கமிடல் அங்கு இல்லை. பதிலாகத் தொடக்கத் திகதியும் இறுதித் திகதியும் கட்டாயம், கணக்குப் பிரிவுக்கு மட்டும் அனுமதி, தரவு சிறு சிறு தொகுதிகளாக வாசிக்கப்பட்டுத் தொடர் ஓட்டமாக அனுப்பப்படும். இந்த வியூவை ஜாங்கோவின் சாதாரண வியூவாக எழுதும் ஆசை எழலாம். அப்படி எழுதினால் ஃபிரேம்வொர்க்கின் அனுமதி விதிகள் எதுவும் அதன்மேல் செல்லாது. ஏ.பி.ஐ. வியூவாகவே எழுதி, வடிவ இணக்கம் பார்க்கும் படியில் 406 (கேட்ட வடிவம் இல்லை) விடை வராதிருக்க, சி.எஸ்.வி. வகையை அறிவிக்கும் சிறிய ரென்டரர் வகுப்பொன்றை அதில் மட்டும் வைத்தோம்.

மாத எல்லையும் கவனத்துக்குரியதாயிற்று. நேரங்கள் உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்படுகின்றன. கொழும்பு நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. புறக்கோட்டையில் லொறிகள் விடியுமுன்னரே ஏற்றப்படுவதால், மாதத்தின் முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு முன் பதியப்படும் ஓடர்கள், பொது நேரத்தால் பிரித்தால், முந்திய மாதத்தில் விழும். எல்லைகளைக் கொழும்பு நேரத்தில் கணித்த பின்னரே கோப்பின் தொகை பற்றுச்சீட்டுகளோடு பொருந்தியது.

எக்செல் மென்பொருளில் தமிழ், சிங்களக் கடைப் பெயர்கள் சிதைந்து தோன்றியதற்கு, கோப்பின் தொடக்கத்தில் யூ.ரி.எஃப்-8 அடையாளக் குறி இல்லாமையே காரணம், அதைச் சேர்த்தோம். பூச்சியத்தில் தொடங்கும் தொலைபேசி இலக்கங்கள் முதற் பூச்சியத்தை இழந்ததும், கூட்டல் குறியில் தொடங்கும் இலக்கங்கள் எண்ணாகக் கொள்ளப்பட்டதும் இன்னொரு தொல்லை. கடைக்காரர் தரும் குறிப்பு சமன் குறியில் தொடங்கினால் எக்செல் அதைச் சூத்திரமாகவே இயக்கக்கூடும் என்பதால், இத்தகைய குறிகளில் தொடங்கும் உரைப் புலங்களை எல்லாம் வெறும் எழுத்தாகக் கொள்ளும்படி முன்னொட்டு இட்டு எழுதினோம்.

எச்.ரி.எம்.எல். ரென்டரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமைப்பை விருத்தி செய்யும்போது அது பேருதவி. ஆனால் பதிவு செய்யும் உரிமை உள்ளவருக்கு அது படிவமும் காட்டும். அப்படிவத்தில் கடையைத் தெரிவு செய்யும் பெட்டி, புலத்தின் குவரிசெட்டிலுள்ள கடைகளை, இயல்பு எல்லையான 1000 வரை, பெயரோடு பட்டியலிடும். அனுமதியின் முதல் நிலை எவருக்கும் 'ஆம்' என்றிருந்ததால், டோக்கன் இல்லாதவருக்கும் இந்தப் படிவம் தோன்றியது. ஓடர்கள் மட்டுமன்றி வாடிக்கையாளர் பட்டியலும் இவ்வழியே திறந்திருந்தது. நேரடிப் பாவனைச் சேவையகத்தில் ஜேசன் ரென்டரரை மட்டும் வைத்து, மற்றதை விருத்திச் சூழலுக்கு ஒதுக்கினோம். அதே கோப்பில், யூனிகோட் எழுத்துகளைக் குறியீடாக மாற்றும்படி செய்திருந்த அமைப்பையும் நீக்கினோம். தமிழ் யூனிகோட் எழுத்து ஒன்று யூ.ரி.எஃப்-8 முறையில் 3 பைட். குறியீடாக எழுதினால் 6 பைட். சிங்களத்துக்கும் இதே கணக்கு. ஃபிரேம்வொர்க்கின் இயல்பு நிலையே சிக்கனமானது.

சோதனைகளை எழுதும்போது வழிமுறையை மாற்றினோம். முகவரி அட்டவணையிலுள்ள ஒவ்வொரு பாதையையும் டோக்கன் இல்லாமல் அழைத்து, புகுபதிகைப் பாதை தவிர்ந்த அனைத்தும் 401 (புகுபதிகை தேவை) தருகின்றனவா என்று ஒரு சோதனை பார்க்கிறது. நாளை புதிய வியூ சேர்ந்தாலும் அது தானாகவே உட்படும். இரண்டு பிரதிநிதிகளை உருவாக்கி, ஒருவரின் பட்டியலிலும், அலுவலகத் திரையின் எண்ணிக்கையிலும், கடைத் தெரிவிலும் மற்றவருடையது வரவில்லை என்பதை இன்னொன்று உறுதிப்படுத்துகிறது. மூன்றாவது, முதற் பக்கத்தைப் பெற்றபின் புதிய ஓடர் ஒன்றைச் சேர்த்து, அடுத்த இணைப்பைத் தொடர்ந்து சென்று, எந்த ஓடரும் இருமுறை வரவில்லை, எதுவும் விடுபடவில்லை என்று காண்கிறது. ஏற்றுமதிக்குரியது, உச்சப் பக்க அளவை விடக் கூடுதலான ஓடர்களைப் பதிந்து, கோப்பின் வரிசைகளை எண்ணுகிறது.

வியூசெட்டில் 'எக்ஷன்' என்று தனியே எழுதப்படும் செயல்கள் மட்டும் இன்னும் மீளாய்வில் உள்ளன. அவற்றில் வடிகட்டலும் பக்கமிடலும் தாமாக நிகழ்வதில்லை. எழுதுபவரே அச்செயற்கூறுகளை அழைக்க வேண்டும். நிலுவை ஓடர்களைத் தரும் செயலொன்று 'கெட் குவரிசெட்' வழியாகச் செல்லாமல், தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் மாதிரியிலிருந்து (மொடல்) நேரே எடுத்துக்கொண்டிருந்தது. அது திருத்தப்பட்டுவிட்டது, எஞ்சியவை ஒவ்வொன்றாகப் பார்க்கப்படுகின்றன.